ஹில்ட அக்காவுக்குப் பக்கத்து இடம்

கண் டாக்டரின் காத்திருக்கும் அறையில் தாதி கதவைத் திறந்து, "ஹெர் பிரின்ஸ் சூ எல்லன்பேர்க்!" என்று கூப்பிட்டால் பத்துத் தலைகள் நிமிரும். கதைப் புத்தகத்திலிருந்து இளவரசன் எவனாவது இறங்கி வருகிறானா என்று பார்ப்பார்கள். எழுந்து நிற்பவர் எண்பத்தைந்து வயதுக் கிழவர். முழங்கை தேய்ந்த கோட்டு, மண்ணிறத் தொப்பி, ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கையைப் பிடித்திருப்பவள் மன்னார் பேசாலையில் பிறந்த இமெல்டா. இவ்வளவுதானா என்று தலைகள் மறுபடி கைத்தொலைபேசிக்குள் குனிந்துவிடும்.

ஜெர்மனியில் அரசர்கள் போய் நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஹெர் என்றால் திரு; பிரின்ஸ் என்பது இப்போது சட்டப்படி வெறும் குடும்பப் பெயர். ஆனால் நாட்டுச் சட்டம் ஒன்று சொன்னால் குடும்பங்கள் உடனே கேட்டுவிடுமா என்ன? எல்லன்பேர்க் வீட்டாருக்குச் சொந்தமாக ஒரு வீட்டுச் சட்டம் இருந்தது. தங்களுக்குச் சமமான குலத்தில் பெண் எடுக்காதவன் வீட்டுக்கு ஆகாதவன், அவ்வளவுதான். சாதி பார்ப்பதெல்லாம் நம் சனத்தின் வியாதி மட்டும்தான் என்று வெட்கப்பட்டுக்கொண்டு விமானம் ஏறிய தமிழர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

எபர்ஹார்ட் அந்த வீட்டின் இரண்டாவது மகன். மலைமேல் கோட்டை, கோட்டைக்குள் சிறு தேவாலயம், அதன் தரைக்கு அடியில் பதினான்கு தலைமுறையின் சவப்பெட்டிகள் வரிசையாய் இருக்கும் நிலவறை. இவ்வளவும் மேலே இருக்க, அவர் தன் இருபத்தாறாவது வயதில் மலையடிவாரத்து ஊரில் பாண் விற்றுக்கொண்டிருந்த ஹில்டகார்ட்டைக் கட்டினார். பேக்கரிக்காரரின் மகள். கோட்டைக்குப் போன கல்யாண அழைப்பு உறை பிரிக்காமலே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் மேலே கூப்பிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊர்ப் பதிவு அலுவலகம் ஹில்டகார்ட்டைப் 'பிரின்ஸஸின்' என்றுதான் பதிந்தது. கணவனின் குடும்பப் பெயர் பெண்ணுக்கு அப்படித்தான் வரும். சுகவீனக் காப்புறுதி அட்டையில் இளவரசி, கோட்டையில் பாண்காரி. அவள் இரண்டுக்கும் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை.

கோட்டையை விட்டு வந்தவருக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை கார் ஓட்டுவது ஒன்றுதான். ஆகவே பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு வாகனப் பயிற்சி நிலையம் திறந்தார். நாற்பது வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கார் ஓட்டப் பழக்கினார். மேட்டில் நிறுத்தி, கார் பின்னால் உருளாமல் எடுக்கப் பழக்குவதற்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் தோதான இடம் ஒன்றே ஒன்று. கோட்டைக்குப் போகும் வீதி. ஒவ்வொரு மாணவனோடும் அந்த மேட்டில் ஏறுவார். கோட்டை வாசல் படலைக்கு இருபது மீற்றர் முன்னால், "சரி, திருப்புங்கோ" என்பார். நாற்பது வருடமும் அந்த இருபது மீற்றரை அவர் தாண்டவில்லை.

அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் இமெல்டா எதையும் மனதுக்குள் தமிழாக்கியே கேட்டுப் பழகியவள். ஆகவே இந்தக் கதையிலும் அவர் எங்கள் தமிழில்தான் கதைப்பார்.

இமெல்டா தொண்ணூற்று மூன்றில் யோசேப்பைக் கட்டிக்கொள்ள ஜெர்மனிக்கு வந்தாள். யோசேப்புக்கு ஓர் உணவுச்சாலைக் குசினியில் வேலை. ஐந்து வருடம் கழித்து, லைசென்ஸ் இருந்தால் நல்ல வேலை எடுக்கலாம் என்று அவளைப் பிரின்ஸிடம் சேர்த்துவிட்டான். அவள் காரை நன்றாகத்தான் ஓட்டினாள். பரீட்சையில்தான் பிழை விட்டாள். பின் சீட்டிலிருந்த பரீட்சைக்காரர், "அடுத்து முடிஞ்ச இடத்தில இடப்பக்கம் திரும்புங்கோ" என்றார். அவள் உடனே திரும்பினாள். அது ஒருவழிப் பாதை. சிவப்பு வட்டம் முகத்துக்கு நேரே நின்றது. முன் சீட்டில் பக்கத்திலிருந்த பிரின்ஸ் தன் காலடிப் பிரேக்கை மிதித்தார். பரீட்சை முடிந்தது. இரண்டாம் முறை வேறு வீதி, அதே கூத்து.

"பலகையைக் காணேல்லையோ?" என்று பிரின்ஸ் கேட்டார்.

"கண்டனான், ஹெர் பிரின்ஸ். ஆனால் அவர் திரும்பச் சொன்னவர்."

"அவர் 'முடிஞ்ச இடத்தில' எண்டெல்லோ சொன்னவர்?"

"எங்கடை ஊரில ஆமிச் சென்றியில நிக்கிறவன் திரும்பு எண்டால் திரும்பவேணும். பலகை பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது."

பிரின்ஸ் சொன்னார்: "இமெல்டா, சொல்லுறவன் பின் சீட்டில இருக்கிறான். கண்ணாடிக்கு முன்னால இருக்கிறது நீங்கள். சொன்னவுடனை திரும்பக் கூடாது. திரும்பலாமோ எண்டு பார்க்கவேணும். ஏலாது எண்டால் நேரே போங்கோ. அதுக்கு ஒருத்தரும் உங்களைச் சுடமாட்டினம்."

அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவர் வேண்டுமென்றே பிழையான பக்கமெல்லாம் திரும்பச் சொன்னார். ஒருவழிப் பாதை, பஸ் மட்டும் போகும் பாதை, ஒருமுறை ஆரோ ஒருவரின் கோழிக்கூட்டு வாசல். பத்தாவது நாள் அவள் நேரே பார்த்துக்கொண்டு, "ஏலாது, ஹெர் பிரின்ஸ்" என்றாள். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஹில்ட அக்கா அன்றைக்குப் பிளம்ஸ் பழக் கேக் வெட்டினாள். மூன்றாம் பரீட்சையில் இமெல்டா தேறிவிட்டாள்.

ஹில்ட அக்கா என்பது இமெல்டாவும் யோசேப்பும் வீட்டுக்குள் வைத்த பெயர். பயிற்சி நிலையத்தில் படிவங்கள் எழுதுவது ஹில்டகார்ட்தான். தமிழ்ச் சனத்தின் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதிய முதல் ஜெர்மன்காரி. இரண்டாயிரமாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோயிற்று. கோட்டையிலிருந்து ஆள் வேண்டாம், ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. ஊர்ச் சவக்காலையில் பிரின்ஸ் இரட்டைக் குழி எடுத்தார். கல்லில் இரண்டு பெயரையும் ஒன்றாகவே வெட்டுவித்தார். ஹில்டகார்ட்டுக்குப் பிறந்த நாளும் இறந்த நாளும். அவருக்குப் பிறந்த நாளும், இறந்த நாளுக்கு அடையாளமாக ஒரு சிறு சிலுவையும், சிலுவைக்குப் பக்கத்தில் வெறும் கல்லும். "எனக்கு மலையில இனி ஒரு வேலையும் இல்லை. என்ரை இடம் இது" என்று யோசேப்பிடம் சொன்னார்.

வருடங்கள் போயின. இமெல்டா துப்புரவு வேலையை விட்டு, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு மாறினாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுடைய காலைப் பட்டியலில் ஏழு மணிக்குப் பிரின்ஸின் பெயர் வந்தது. கழுவ, உடுப்பு மாற்ற, மருந்து கொடுக்க முப்பத்தைந்து நிமிடம். அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்தில் மங்கலாக ஏதோ தெரியும். எதை நேரே பார்க்கிறாரோ அது தெரியாது. வருகிற கடிதங்களை இமெல்டாதான் வாசித்துச் சொல்வாள். அது வேலைப் பட்டியலில் இல்லை. முப்பத்தைந்து நிமிடத்துக்குள் எப்படியோ அடக்கிவிடுவாள்.

இதற்கிடையில் யோசேப்பு செத்துப்போனான். இரண்டு மாரிக்கு முன்னால், குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. இமெல்டா அழவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கும், அது தன்னுடையதுதான் என்றும் தெரியும், கடித்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு முழு உடம்பும் அப்படி ஆயிற்று. நான்காம் நாள் வேலைக்குப் போனாள். மகள் லாரா பிராங்பேர்ட்டில் இருந்து தினமும் தொலைபேசி எடுத்து, "அம்மா, அழுங்கோ, அழுதால் நல்லது" என்பாள். அழுவதென்ன, குழாயைத் திறப்பதா? அதே சவக்காலையில் யோசேப்பு மூன்று வரிசை தள்ளிக் கிடந்தான். இமெல்டா சனிக்கிழமைகளில் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் அவனுக்கும், பிறகு ஹில்ட அக்காவுக்கும் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு வேலையைப் போலத்தான் ஊற்றினாள்.

போன ஒக்டோபரில் ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது.

முதலாவது சவக்காலை நிர்வாகத்துடையது. இந்த நாட்டில் செத்தவர்களுக்கும் தவணை உண்டு. இருபத்தைந்து வருடம் முடிகிறது, புதுப்பிக்கப் போகிறீர்களா, இல்லையென்றால் வசந்தத்தில் கல்லை எடுத்து மண்ணைச் சமப்படுத்திவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது கடிதத்தின் தலையில் ஒரு சிங்கமும் கோடரியும் இருந்தன. தமையனின் மகன் லூக்காஸ், இப்போதைய குடும்பத் தலைவர், எழுதியிருந்தார். குடும்பச் சபை கூடி வீட்டுச் சட்டத்தைத் திருத்திவிட்டது. திருமணத்தைக் காரணம் காட்டி இனி ஒருவரையும் விலக்குவதில்லை. மதிப்புக்குரிய சிறிய தந்தையார் மறுபடி வீட்டுக்குரியவர். நிலவறையில் அவருடைய தந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் உண்டு. அடியில் ஒரு வரி: இந்தத் திருத்தம் முன்னரே இறந்துபோனவர்களுக்குப் பொருந்தாது.

"கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கோ" என்றார் பிரின்ஸ்.

இமெல்டா வாசித்தாள். குசினி யன்னலுக்கு வெளியே கோட்டைக் கோபுரம் நின்றது. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு அது தெரியாது. ஆனால் முகம் சிவந்து, வாய் நடுங்கிற்று. ஐம்பத்தொன்பது வருடம் படலைக்கு இருபது மீற்றர் தள்ளி நின்ற மனிதருக்கு அழைப்பு வந்திருக்கிறது. சந்தோசப்படுகிறார் என்று இமெல்டாவுக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, கோபமோ துக்கமோ ஒன்றும் வரவில்லை.

"பேனையை எடுங்கோ. வாறன் எண்டு எழுதுங்கோ. அப்பாவுக்குப் பக்கத்தில எண்டு எழுதுங்கோ."

"அப்ப மற்றக் கடிதம்?"

"அதை விடுங்கோ."

"ஹில்டகார்ட், ஹெர் பிரின்ஸ்?"

"அவ செத்திட்டா, இமெல்டா. செத்த ஆக்களுக்குத் தாங்கள் எங்கை கிடக்கிறம் எண்டு தெரியாது."

"அப்ப உங்களுக்கும் தெரியாதுதானே."

அவர் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தரம் தட்டினார். "எழுதுங்கோ" என்றார்.

நீலப் பேனையால் இமெல்டா எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல, நிறுத்தி நிறுத்தி. தாள் அவள் கையில்தான் இருந்தது. அவள் என்ன எழுதினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. 'வரமாட்டேன், என் மனைவியோடு கிடக்கப்போகிறேன்' என்று எழுதி நீட்டினாலும் அதன் கீழேயும் கையெழுத்து விழும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பேனையும் ஒரு தரம் நின்றது. அவர் சொன்னதைத்தான் எழுதினாள்.

"எழுதியாச்சோ?"

"ஓம்."

அவர் தாளை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். நீண்ட நேரம் பிடித்திருந்தார். பிறகு, அவள் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். போகிற வழியில் அவள் அதை மஞ்சள் தபால் பெட்டியில் போட்டாள்.

அன்றைக்கு லாரா எடுத்தபோது இமெல்டா இதைச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் மாத்தி எழுதியிருக்கலாமே. அவருக்குக் கண்தான் தெரியாதே" என்றாள் லாரா.

"என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? அது களவெல்லோ."

"சும்மா சொன்னனான் அம்மா. ஆனால் பாவம் அந்தப் பாட்டி."

சகல பரிசுத்தர் திருநாளன்று சவக்காலையெங்கும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. வருடாவருடம் பிரின்ஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவாள். இந்த முறை, "முழங்கால் ஏலாது" என்றார். சக்கர நாற்காலிக்கு முழங்கால் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு குழிக்கும் தானே விளக்கேற்றினாள். ஹில்ட அக்காவின் கல்லில் வெள்ளைக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது: தவணை முடிந்தது, உரியவர்கள் இந்த இலக்கத்துக்கு அழைக்கவும். பிரின்ஸின் பெயருக்கு மேலேதான் ஒட்டியிருந்தார்கள்.

நவம்பர் கடைசியில் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கிற்று. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கட்டிலிலேயே கிடந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இமெல்டா முகம் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருக்கையில் கேட்டார்:

"அண்டைக்குக் கடிதம். நான் சொன்னபடியேதான் எழுதினீங்களோ?"

"ஓம், ஹெர் பிரின்ஸ்."

"ஒரு சொல்லும் மாத்தேல்லை?"

"இல்லை. சத்தியமா."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். "நீங்கள் மாத்தி எழுதுவியள் எண்டு நினைச்சன்" என்றார்.

இமெல்டாவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவையளுக்கு ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, இமெல்டா. அப்பாவே கூப்பிட்ட மாதிரிக் கிடந்தது. அதுதான் உங்களிட்டைப் பேனையைத் தந்தனான். பிழையான பக்கம் திரும்பச் சொன்னனான். நீங்கள் பலகையைப் பார்ப்பியள் எண்டு இருந்தனான்." இருமினார். "அங்கை ஹில்டவுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"இப்ப வேற கடிதம் எழுதுவம்" என்றாள் இமெல்டா.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைத்தொலைபேசி சத்தம் போட்டது. பட்டியலில் அடுத்த வீடு. ஏற்கெனவே எட்டு நிமிடம் பிந்திவிட்டாள். மூன்று வரிக் கடிதம். ஐந்து நிமிடம்கூட எடுத்திருக்காது. அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பையை எடுத்தாள்.

"நாளைக்குக் காலமை முதல் வேலை அதுதான், ஹெர் பிரின்ஸ்."

"ஓம். நாளைக்கு" என்றார் அவர்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் திறப்பைப் போட்டு உள்ளே போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. பேனையும் தாளும் அவளுடைய கோட்டுப் பையில் இருந்தன. இந்த நாட்டு வழக்கப்படி, ஆன்மா வெளியே போக யன்னலைத் திறந்துவிட்டாள். கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

பத்து மணிக்கு லூக்காஸ் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். இமெல்டாவின் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார்.

"அவர் மனைவியோடைதான் கிடக்க விரும்பினவர். நேற்று எனக்குச் சொன்னவர்" என்றாள் இமெல்டா.

லூக்காஸ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எழுத்தில இருக்கோ?"

எழுத்தில் இல்லாதது ஜெர்மனியில் நடக்கவே இல்லை. லூக்காஸ் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மெதுவாக விரித்தார். "இதுதானே அவரின்ரை கடைசி விருப்பம்" என்றார். அதில் நீல மையில் இமெல்டாவின் எழுத்து, ஒரு பிழையுமில்லாமல், கோடு கோடாக நின்றது.

அடக்கத்துக்கு ஊரே திரண்டது. பாதிப் பேர் அவரிடம் கார் பழகியவர்கள். சிங்கமும் கோடரியும் பொறித்த துணி போர்த்திய பெட்டியை ஏற்றிக்கொண்டு கறுப்பு வண்டி முன்னால் போக, கார்கள் வரிசையாய்ப் பின்னால் ஊர்ந்தன. இமெல்டா தன் காரைக் கடைசியில் ஓட்டிப் போனாள். மலையடிவாரத்தில் வீதி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கோட்டை, இடது பக்கம் ஊர்ச் சவக்காலை. சந்தியில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் நின்று, எல்லாரையும் வலது பக்கம் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தான். கறுப்பு வண்டி அந்த மேட்டில் ஏறி, படலைக்கு முன் நிற்காமல் உள்ளே போய்விட்டது.

இமெல்டாவின் முறை வந்தது. அவன் வலது பக்கம் கை காட்டினான். அவள் காரை நிறுத்தினாள். அவன் மறுபடி காட்டினான். அவள் பலகையைப் பார்த்தாள். இடது பக்கம் வீதி வெறுமையாய்க் கிடந்தது. போகக் கூடாதென்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. இடப்பக்க விளக்கைப் போட்டுத் திருப்பினாள். அவன் பின்னால் ஏதோ கத்தினான். அது கிடக்கட்டும்.

சவக்காலையில் ஒருவரும் இல்லை. ஹில்ட அக்காவின் கல்லில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் கிள்ளி, கிழியாமல் உரித்தெடுத்தாள். அதிலிருந்த இலக்கத்துக்கு நாளைக்கு எடுத்து, இந்தத் தவணையைத் தன் பெயருக்கு மாற்றப்போகிறாள். இல்லை, நாளைக்கு இல்லை. அங்கேயே நின்று எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண், செத்தவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டாள். தங்கச்சி என்றாள் இமெல்டா. அந்தப் பெண் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, திங்கட்கிழமை நேரே வரச் சொன்னாள்.

காகிதம் போன இடத்தில் அவருடைய பெயர் தெரிந்தது. பிறந்த நாள், சிறு சிலுவை, பக்கத்தில் வெறும் கல். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் இமெல்டாவுக்கு இரண்டு மாரியாக எங்கேயோ நின்றிருந்ததெல்லாம் ஒன்றாய் வந்தது. யோசேப்புக்கு வராத அழுகையும் அதோடு வந்தது. ஈர மண்ணில் முழங்கால் போட்டுக்கொண்டு, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி அழுதாள்.

"அவர் வரமாட்டார், அக்கா. வரத்தான் இருந்தவர். நான்தான் எழுதினனான்."